இடையூறு: இல்லை

காலை ஐந்தரை மணிக்குச் சதுப்பின் வடக்குக் கரையில் வேனை நிறுத்தினேன். விடிந்தும் விடியாத நேரம். பனிமூட்டம் முன்கண்ணாடிவரை வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் நானும் என் மைத்துனனும் மட்டும். பேச வேண்டியதை விட்டுவிட்டு, பேசக் கூடாததையெல்லாம் வழியிலேயே பேசி முடித்திருந்தோம்.

இதை நான் நிம்மதியாக உட்கார்ந்து எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன். அப்படியும் பத்து வரிக்கு ஒருமுறை எழுந்து கதவுவரை போய்விட்டு வருகிறேன். கதை கொஞ்சம் அங்கும் இங்கும் அலைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வருடத் தொழில். மோட்டார் அறைக்கு ஏறுவதற்கு முன்பே, கீழே நின்று சத்தத்தைக் கேட்டு, பேரிங் போயிருக்கிறதா பிரேக் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். கூட வேலை பார்ப்பவர்கள் எனக்கு வைத்த பெயர் 'காது'. அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு. ஒருமுறை ஓர் அடுக்குமாடியில் ஐந்தாவது தளத்துக் கதவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, வெளியே கத்தியது ஒரு பறவையா இரண்டா என்று அங்கே குடியிருந்த அம்மாளோடு வாக்குவாதம் வந்தது. இரண்டு என்றேன். எட்டிப் பார்த்தால் இரண்டு. அவர் ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை. எல்லோருக்கும் டீச்சர்.

"இந்தக் காதைக் கொண்டுபோய் லிஃப்டுக்குள்ள பூட்டி வெச்சிருக்கீங்களே சார்" என்றார். அன்றைக்கு மாட்டியவன்தான்.

டீச்சரின் கூட்டத்தில் பஸ் டிரைவர் இருந்தார், மருந்துக் கடைக்காரர் இருந்தார், கல்லூரிப் பெண்கள் சிலர் இருந்தார்கள். ஞாயிறுதோறும் சதுப்புக்குப் போய், கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதுவதுதான் வேலை. மருந்துக் கடைக்காரர் காக்கையைக்கூட விடாமல் எழுதுவார். சதுப்பு அப்போதே பாதி காய்ந்து கிடந்தது. தண்ணீர் கொண்டுவந்த பழைய கால்வாய் தூர்ந்துபோய், எங்கே ஓடியது என்றுகூடத் தெரியாமல் நாணல் மூடியிருந்தது. இந்த இடத்தை நம்பி அரிய உயிர் ஏதாவது வாழ்கிறது என்று தாள்களில் காட்டினால் மதகைத் திறந்து தண்ணீர் விடுவோம், இல்லாவிட்டால் மண்ணடித்து மேடாக்கிவிடுவோம் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள்.

கரையைச் சுற்றி எண் எழுதிய கம்பங்கள் நட்டிருந்தோம். ஒவ்வொரு கம்பத்திலும் பத்து நிமிடம் நிற்க வேண்டும். பேசக் கூடாது. நகரக் கூடாது. என்ன, எத்தனை, எந்த நேரம், எவ்வளவு தூரம் என்று எழுத வேண்டும். தாளின் அடியில் 'இடையூறு' என்று ஒரு கட்டம். ஆள் நடமாட்டம், நாய், வண்டிச் சத்தம் என்று பறவைகளைக் கலைக்கக்கூடிய எதுவாக இருந்தாலும் அதில் குறிக்க வேண்டும். ஒன்றுமில்லை என்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும்.

என் மைத்துனன், என் மனைவியின் ஒரே தம்பி, எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்கமாட்டான். ஒரு வேலை, ஒரு சண்டை, ஒரு பை. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவான். போன் நம்பரையும் மாற்றிவிடுவான். பிறகு ஒரு நாள் வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பான். அன்றைக்கும் பை தோளில் இருந்தது. எட்டாம் கம்பத்தில் எனக்காகப் பத்து நிமிடம் நின்று கணக்கெடுத்துவிட்டு, தெற்குக் கரை வழியே மெயின் ரோட்டுக்கு நடந்துபோய் பஸ் பிடிப்பதாகத் திட்டம். புது ஊரில் புது வேலை.

முதல் நாள் என் மனைவி என்னிடம் கெஞ்சியிருந்தாள். "நீங்க சொன்னா கேப்பான். எப்படியாவது நிறுத்திடுங்க."

நான் நிறுத்திய அழகைக் கேளுங்கள். வேனில் பேச்சு வளர்ந்து, கடைசியில் சொன்னேன்: "நீ இருந்தா ஒரு தட்டு கூட. போனா ஒரு தட்டு மிச்சம். வேற ஒண்ணும் மாறப் போறதில்ல. போ."

"சரி மாமா" என்றான். தாளையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு இறங்கிப் பனிக்குள் போய்விட்டான்.

நான் ஏழாம் கம்பத்துக்குப் போனேன். ஆறு மணி பத்து நிமிடம். கிழக்கே பார்த்து நின்றேன். பனியில் என் கையே மங்கலாகத்தான் தெரிந்தது. அழுகிய இலை வாசனையும் ஈர மண் வாசனையும் மூக்கை அடைத்தன. எனக்குப் பின்னால் நாணல் சலசலத்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. எழுதினேன்.

அப்புறம் ஒரு குரல் கேட்டது.

காலிப் பானையின் வாயில் யாரோ ஊதியது போல, அடித்தொண்டையிலிருந்து, தூரத்தில். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். நாணல் குருகு! நாணல் நிறத்திலேயே இருக்கும், கண்ணில் படாது, குரலை வைத்துத்தான் இருப்பது தெரியும். பதினேழு வருடமாக அந்தச் சதுப்பில் கேட்காத குரல் என்று டீச்சர் சொல்லிச் சொல்லி ஏங்கியது. இரண்டாம் முறை. மூன்றாம் முறை. நடுவில் எனக்குத் தும்மல் வேறு வந்து தொலைத்தது. நாலாம் முறை கொஞ்சம் தணிந்து வந்தது. பிறகு இல்லை.

ஆறு இருபதுக்குத் தாளை முடித்துவிட்டு எட்டாம் கம்பத்துக்கு ஓடினேன். அவனுக்கும் கேட்டதா என்று கேட்க வேண்டும். அவன் அங்கே இல்லை. கோபத்தில் கணக்கெடுக்காமலே பஸ்ஸுக்குப் போய்விட்டான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், முகத்தில் முழிக்க வேண்டியதில்லை என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "என்னாச்சு?"

"எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கல. பஸ் ஏத்தி விட்டுட்டுதான் வந்தேன்."

சண்டையை மறைக்கச் சொன்ன ஒரு சின்னப் பொய். அந்தப் பொய்யால்தான் அவனை யாரும் தேடவில்லை.

டீச்சர் போனிலேயே அழுதுவிட்டார். ஆனால் அவர் கறாரானவர். ஒரே ஆள் கேட்டதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள், இரண்டாவது தாள் வேண்டும் என்றார். "உங்க மச்சான் பக்கத்துக் கம்பத்துலதான நின்னாரு? அவர் தாள அனுப்பச் சொல்லுங்களேன்." வாராவாரம் கேட்டார். என் மனைவி வாராவாரம் அவனுக்குச் செய்தி அனுப்பினாள். ஒன்றும் போய்ச் சேரவில்லை. "வழக்கம்போல நம்பர மாத்திட்டான், பாருங்க" என்று சிரித்தாள். நாலு மாதம் கழித்து அந்தச் சிரிப்பும் நின்றது. அவன் சட்டைகளைத் துவைத்து, மடித்து, அலமாரியில் வைத்தாள். மறு மாதம் அவற்றையே எடுத்து மறுபடி துவைத்தாள்.

எட்டு மாதம் கழித்து, டீச்சர் எங்கிருந்தோ ஒலிப்பதிவுக் கருவிகள் வாங்கிக் கம்பங்களில் மாட்டினார். கைப்பிடி அளவுப் பெட்டி. தினமும் விடியற்காலையில் தானாக அரைமணி நேரம் பதிவு செய்யும். ஏழாம் கம்பத்துப் பதிவுகளைக் கேட்டுக் குறிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். வேறு யாரிடம் கொடுப்பார்?

ஞாயிறு மதியம். சாப்பிட்டுவிட்டு, மேசையில் கணினியை வைத்து, ஹெட்போனை மாட்டினேன். ஜன்னலில் நல்ல வெயில். முதல் பதிவில் தவளைகள், நீர்க்கோழி, தூரத்தில் ஒரு வண்டி. ஆறு பத்துக்கு நாணல் சலசலத்தது. ஆறு பன்னிரண்டுக்கு அந்தக் குரல்.

நான் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன். நாலு முறை! சாட்சி கிடைத்துவிட்டது! கை தட்டாத குறை. உடனே மறுநாள் பதிவைப் போட்டேன். அதிலும் ஆறு பத்துக்குச் சலசலப்பு. ஆறு பன்னிரண்டுக்குக் குரல். நாலு முறை.

மூன்றாம் நாள் பதிவு. அதே நிமிடம். அதே நொடி.

பறவைக்குக் கடிகாரம் கிடையாது. நாலாம் நாள் பதிவைப் போட்டு, சத்தத்தை முழுதாகக் கூட்டிவைத்தேன்.

பேனாவை அமுக்கும் 'டிக்' கேட்டது.

தாள் திரும்பும் சத்தம்.

பிறகு ஒரு தும்மல்.

என் தும்மல் எனக்குத் தெரியாதா? முடிவில் ஒரு சின்ன முனகல் வரும். என் மனைவி அதை நடித்துக் காட்டிச் சிரிப்பாள். அந்த முனகல் அப்படியே கேட்டது. எட்டு மாதத்துக்கு முன், அந்தக் கம்பத்தில் பெட்டியே இல்லாத ஒரு காலையில், நான் தும்மிய தும்மல்.

ஹெட்போனைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றவில்லை. தொழில் புத்தி போகுமா? இரண்டு சத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். தும்மல் எவ்வளவு கிட்டே கேட்டதோ, குரலும் கிட்டத்தட்ட அவ்வளவு கிட்டேதான் கேட்டது. தாளில் முந்நூறு மீட்டர் என்று எழுதியிருந்தேன். இது முந்நூறு மீட்டர் இல்லை. முப்பதும் இல்லை.

அது எனக்குப் பின்னால் இருந்தது.

அந்த நொடியில், அறைக்குள், என் முதுகுக்குப் பின்னால் நாணல் சலசலத்தது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் திரும்பினேன். வெயில். கட்டில். மடித்து வைத்த அவன் சட்டைகள். தரையில் ஒன்றுமில்லை. ஆனால் அழுகிய இலையும் ஈர மண்ணும் கலந்த அந்த வாசனை, ஜன்னலைத் திறந்து வைத்தும் மாலைவரை போகவில்லை.

எது என்னவென்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இருந்ததெல்லாம் ஒரே பயம்தான்: என் மனைவிக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அவள் என்னை மறுபடி ஒரு மனிதனாகப் பார்க்கமாட்டாள். பிசாசு பயம்கூட அதற்கு அடுத்துத்தான்.

"வெறும் காத்துச் சத்தம்தான் டீச்சர்" என்று போனில் சொன்னேன்.

அந்த வாரம் முழுக்கக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. வேலை செய்யும்போது லிஃப்ட் குழிக்குள் இறங்கினால், மேலே நிற்பவனிடம் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கச் சொன்னேன். சாப்பாடு இறங்கவில்லை. நடுச் சாப்பாட்டில் எழுந்து வாசலுக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருவேன். "உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று மனைவி இரண்டு முறை கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அவள் மேசையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஹெட்போன். பதிவுகளைக் கேட்ட நாளிலிருந்து என்னைத் தூங்கவிடாமல் அடிப்பது என்னவென்று பார்க்க உட்கார்ந்திருக்கிறாள். நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. ஒரு விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தொட்டேன். கண் திறந்தாள்.

"இது எப்போ எடுத்தது?"

"போன... போன வாரம்."

"இது பறவை இல்லைங்க."

"நாணல் குருகும்மா. டீச்சர்கூட..."

"கத்தறதுக்கு முன்னாடி கேளுங்க. சின்னதா ரெண்டு இழுப்பு. அப்புறம்தான் குரல் வருது." அவள் குரல் மிகத் தணிந்திருந்தது. "சின்ன வயசுல இளைப்பு வந்தா இப்படித்தான் இழுப்பான். எத்தன தடவ அவன் நெஞ்ச நீவி விட்டுட்டு உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?"



சட்டென்று எழுந்தாள். அவள் முகத்தில் எட்டு மாதமாகப் பார்க்காத ஒரு வெளிச்சம். "போன வாரம்னா உயிரோடதான இருக்கான்! அங்கதான் எங்கயோ கெடக்கான். என்ன மரம் மாதிரி நிக்கறீங்க? வண்டிய எடுங்க!" வாசலுக்கு ஓடி ஒரு காலில் செருப்பை மாட்டினாள்.

அந்த வெளிச்சத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் அவன பஸ் ஏத்தி விடல" என்றேன்.

இன்னொரு செருப்பு அவள் கையிலேயே இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். வேனில் பேசியதையும் சொன்னேன். அலமாரியிலிருந்து அன்றைய தாளின் நகலை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து, முதல் வகுப்புப் பிள்ளை போல, விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தாள்.

"ஆறு பத்து. நாணலில் சலசலப்பு. பின்புறம். நீர்நாயாக இருக்கலாம். ஒன்று."

"ஆறு பன்னிரண்டு. நாணல் குருகு. குரல் மட்டும். ஒன்று. தூரம் முந்நூறு மீட்டர்."

அடியில் இருந்த கட்டத்துக்கு வந்தாள். "இடையூறு: இல்லை."

நிமிர்ந்தாள். "பின்புறம்னு எழுதியிருக்கீங்க. திரும்பிப் பாக்கலையா?"

பொய் சொல்ல இதுதான் கடைசி இடம். சொல்லவில்லை. "நீர்நாய் இல்லைன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. அவன்தான் சமாதானம் பேச வரான்னு நெனச்சேன். பத்து நிமிஷம் நிக்கட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் சத்தம் நின்னுடுச்சு, போயிட்டான்னு நெனச்சேன். சத்தியமா அந்தக் குரல் பறவைன்னுதான்..."

"எத்தன தடவ கூப்ட்டான்?"

"நாலு."

அவள் தலையை ஆட்டினாள். தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தீயணைப்பு வீரர்கள் பலகைகளைப் பரப்பி இறங்கினார்கள். ஏழாம் கம்பத்துக்குப் பின்னால் பதினோரு அடி வைத்தால், நாணலுக்குக் கீழே அந்தப் பழைய கால்வாய்ப் பள்ளம். பசைச் சேறு. அவன் அதில் நின்றபடி இருந்தான். பை தோளிலேயே இருந்தது. இரண்டு கையும் கம்பத்துப் பக்கமாக நீண்டிருந்தன. வயதான வீரர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார். "நெஞ்சு வரைக்கும் சேறு இறுகிட்டா குரல் வெளிய வராது சார். பக்கத்துல இருந்தாலும் தூரத்துல கேக்கற மாதிரிதான் இருக்கும். யாரா இருந்தாலும் ஏமாந்துதான் போவாங்க." ஆறுதலுக்காகத்தான் சொன்னார். நல்ல மனிதர்.

போலீஸ் பதிவுகளைக் கேட்டார்கள். போட்டுக் காட்டினேன். நாலு நாள் பதிவிலும் தவளையும் நீர்க்கோழியும் மட்டும் இருந்தன. விபத்து என்று எழுதி முடித்தார்கள். டீச்சர் தன் கையாலேயே குருகின் வரியை அடித்துவிட்டார். "சதுப்பு போனாப் போகட்டும். இதுல நின்னு பொழைக்க வேண்டாம்" என்றார்.

அதற்குப் பிறகு என் மனைவி என்னோடு சண்டை போடவே இல்லை. தட்டு வைத்தாள். சட்டை தேய்த்தாள். நான் கூப்பிட்டால் வந்தாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு மாதம் இப்படியே போனது. 'கத்து, அடி, வீட்டை விட்டுப் போ என்று சொல்' என்று கெஞ்ச நினைப்பேன். வாய் வராது. அவள் ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்த்தால் போதும் என்று இருந்தது.

இந்த வருடம் அதே பருவத்தில் டீச்சர் போன் செய்தார். அதிகாரிகள் கணக்கெடுக்கக் கடைசியாக ஒரு காலைப்பொழுது தந்திருக்கிறார்கள், அவர்களும் கூட வருவார்கள், ஆள் போதவில்லை என்றார். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி போனை வாங்கினாள்.

"ரெண்டு பேரும் வரோம் டீச்சர். இவர் ஏழுல நிப்பாரு."

பனிமூட்டம் அன்றுபோல்தான். ஒன்பது பேர் ஒன்பது கம்பத்தில். எல்லோர் கையிலும் தாள், திசைகாட்டி, ஒரே நேரம் காட்டும் கடிகாரம். அவள் எட்டில் நின்றாள். ஆறு பத்துக்குத் தொடங்கினோம். நான் கம்பத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்தபடி நின்றேன். பள்ளத்தை வேலி போட்டு அடைத்திருந்தார்கள். உடம்பு முழுவதையும் காதாக்கிக் கேட்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

தவளைகூட இல்லை. காற்று இல்லை. பதினெட்டு வருடத்தில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. ஆறு இருபதுக்கு வெறும் தாளோடு கரையேறினேன். மனம் லேசாக இருந்தது. முடிந்துவிட்டது, போய்விட்டான் என்று நினைத்தேன்.

வேன் பக்கத்தில் ஒரே கொண்டாட்டம்.

"கேட்டீங்களா சார்?" மருந்துக் கடைக்காரர் என் கையைப் பிடித்து உலுக்கினார். "குருகு! நாலு தடவ! என்னா குரல்! நெஞ்செல்லாம் அதிருது!"

எல்லோருக்கும் கேட்டிருக்கிறது. கூட வந்த அதிகாரிக்குக்கூடக் கேட்டிருக்கிறது. டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேனின் முன்மூடியில் வரைபடத்தை விரித்தார். அவரவர் நின்ற கம்பத்திலிருந்து, குரல் வந்த திசைக்கு ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தால், எல்லாக் கோடும் எங்கே கூடுகிறதோ அங்கேதான் பறவை. பஸ் டிரைவரின் கோடு. மருந்துக் கடைக்காரரின் கோடு. கல்லூரிப் பெண்களின் கோடுகள். ஒவ்வொன்றாக இழுத்தார். பென்சில் மெதுவாக நின்றது.

ஏழு கோடும் ஏழாம் கம்பத்தில் கூடியிருந்தன.

"உங்கள ஒட்டிக்கிட்டே நின்னு கத்தியிருக்கு சார்" என்றார் டீச்சர், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு. "ஒரு அடிகூடத் தள்ளி இல்ல. எப்படி விட்டீங்க?"

"காதுக்கே காது கேக்கலையா!" என்று டிரைவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

எட்டாவது தாள் என் மனைவியுடையது. அவளே ஸ்கேலை வாங்கினாள். அவளே கோடு போட்டாள். அது எங்கே போய் நின்றது என்று நான் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் நாலு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் நிமிர்ந்து என் பக்கம் பார்த்தாள். முகம் இளகியிருந்தது. கண் நிறைந்திருந்தது.

என்னைப் பார்க்கவில்லை என்பது ஒரு நொடி கழித்துத்தான் எனக்கு உறைத்தது. என் தோளுக்கு மேலே, கொஞ்சம் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். அவள் வண்டியைச் சுற்றிப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏறுடா" என்றாள், மெல்ல.

ஓர் ஆள் ஏறினால் ஒரு லிஃப்ட் பெட்டி எவ்வளவு தாழும் என்பது எனக்கு அத்துப்படி. என் சோறே அதுதான். வேனின் பின்பக்கம் தாழ்ந்தது. அறுபது கிலோ இருக்கும். பைக்கு இன்னும் கொஞ்சம். ஈர மண் வாசனை என் பிடரிவரை வந்து நின்றது.

அவள் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாள். மடியில் கையை வைத்துக்கொண்டு நேராக ரோட்டைப் பார்த்தாள்.

"இப்பவாவது திரும்பிப் பாருங்க" என்றாள்.

நான் வண்டியை எடுத்தேன்.